மற்ற ஓசைகள்

ஜனவரி 19, திங்கள்

டைரியில் ஞாயிறு என்றுதான் அச்சாகியிருக்கிறது. இது போன வருஷத்து டைரி. நான் டைப் அடிக்கிற ஜெராக்ஸ் கடையின் முதலாளி ஜெபமணி அண்ணாச்சி, "தாள் நல்லாத்தான இருக்கு, வச்சுக்கோ" என்று கொடுத்தார். கிழமையை மட்டும் தினமும் அடித்து எழுதிக்கொள்கிறேன்.

இன்று கடைக்குப் புது வேலை வந்தது. எதிரே இருக்கிற கல்வியியல் கல்லூரியில் சங்கரவடிவு மேடம் என்று ஒருவர் பி.எச்டி செய்கிறார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, "மனசுல ஓடுறதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லு" என்று சொல்லிப் பதிவு செய்திருக்கிறார். அதைக் கேட்டுக் கேட்டு நான் அடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பெயர் கிடையாது. எண்தான்.

தலைப்பை முதலில் அடித்தேன். "உயர்நிலைச் சிந்தனை வினாக்களுக்கு விடையளிக்கையில் மாணவியரின் மீயறிவுத் திறன்கள்." கம்ப்யூட்டர் பாதித் தலைப்புக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டது. அண்ணாச்சி எட்டிப் பார்த்தார்.

"மீன் அறிவா? மீனுக்கு என்னட்டி அறிவு?"

மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. "மீ-யறிவு. நாம யோசிக்கிறதை நாமளே கவனிக்கிறது."

"அதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு பட்டம்," என்றார் அண்ணாச்சி, மேடம் போன பிறகு.

விதிகள் என்று ஒரு தாளும் கொடுத்திருக்கிறார். ஐந்து விதி. ஒன்று, மாணவி சொன்னதைச் சொன்னபடியே அடிக்க வேண்டும். ஐந்து, மற்ற ஓசைகளை (மின்விசிறி, மணி, நாற்காலி) அடிக்க வேண்டாம். நடுவில் இருக்கிற மூன்றும் எழுத்துரு, இடைவெளி, ஓரம்.

மேடம் போகும்போது என்னிடம் ஏதோ கேட்டார். நான் தலையை ஆட்டினேன். "பேரு பேச்சியம்மா. பேச்சுதான் கிடையாது" என்று அண்ணாச்சி வழக்கம்போல் சொன்னார். இந்த வேடிக்கையை இதுவரை நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் தெருத் தொட்டியில் வரிசை. அம்மா ஆஸ்டல் சமையலுக்கு ஐந்து மணிக்கே போய்விடுவாள் என்பதால் தண்ணீர் என் பாடு. வழக்கம்போல் நான்தான் கடைசி. முன்னே நிற்பவர்களுக்குத் தண்ணீர் பீச்சிக்கொண்டு விழும். என் முறை வரும்போது நூல் மாதிரி இறங்கும். என்னைக் கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்று கேட்டால் விடுவார்கள்தான். கேட்க வேண்டுமே.

கடையில் ஆறு பதிவு முடித்தேன். எரிச்சல் எரிச்சலாக வருகிறது. கேள்வி இதுதான்: "ஒரு தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது. அடியில் ஒரு குழாய். முதல் குடம் நிறைய ஒரு நிமிடம் ஆகிறது. தொட்டியில் புதிதாகத் தண்ணீர் விடவில்லை. இருபது குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகும்? உன் விடை சரிதான் என்று எப்படி அறிவாய்?"

"இருபது நிமிஷம் மிஸ்." இது எண் ஒன்று.

"எப்படித் தெரியும்?"

"பெருக்கினா வருது மிஸ்."

எண் இரண்டு, இருபது. எண் மூன்று, இருபது, "ஈஸி மிஸ்". எண் நான்கு குடத்துக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிக் கேட்டுவிட்டு, அப்புறம் இருபது. எண் ஐந்து, "இருபது. இல்ல இல்ல, குடத்தை மாத்துற நேரம் இருக்குல்லா, இருபத்தி ஒண்ணு."

வாழ்க்கையில் இவர்கள் யாரும் ஒரு குடம் தண்ணீர் பிடித்ததில்லையா? ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. நான் எப்போது கத்தினேன்.

எனக்கு இதில் கோபப்பட உரிமை இல்லைதான். நானே பத்தாம் வகுப்பு பாதியில் நின்றவள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அதனால்தான் நின்றேன்.

ஜனவரி 21, புதன்

எண் ஒன்பது மட்டும் அறுபத்து நான்கு தடவை "ம்" என்கிறாள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு துணைக்கால் விட்டுப் போனதற்கே அண்ணாச்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இந்தக் கடையில் அடிக்கிற எதிலும் பிசிறு இருக்கக் கூடாது.

ஜனவரி 22, வியாழன்

பத்து பதிவு முடித்தேன். பதினான்காம் எண்தான் சுலபம். நாலு நிமிஷப் பதிவில் அவள் பேசியது மூன்றே மூன்று சொல். மற்றதெல்லாம் விசிறிச் சத்தம், பெஞ்சுச் சத்தம். நடுநடுவே மேடம், "சொல்லும்மா... என்ன நினைக்க, அதைச் சொல்லு... வாயைத் திறந்தாத்தானே தெரியும்" என்று கெஞ்சுகிறார். கடைசியில், "சரி, போ. அடுத்த பிள்ளையை வரச் சொல்லு."

நான் அடித்தது இரண்டு வரி. "இருபது. தெரியாது மிஸ்."

வாயைத் திறந்தால் என்னவாம் இவளுக்கு? மேடம் எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார்.

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். என்னைப் பற்றி மற்றவர்கள் சொல்வது அப்படியே இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜனவரி 23, வெள்ளி

முப்பத்திரண்டும் முடிந்தது. ஒரு பிழை கிடையாது. அண்ணாச்சியே இரண்டு தடவை பார்த்து, "கண்ணுல ஒத்திக்கலாம்" என்றார்.

ஜனவரி 24, சனி

கண்ணில் ஒத்திக்கொள்ளவில்லை.

மேடம் பத்து மணிக்கு வந்தார். தாள்களை மேசை மேல் வைத்த வேகத்தில் ஸ்டாப்ளர் கீழே விழுந்தது.

"அண்ணாச்சி, இதுல ஒரு பிள்ளை கூடத் திணறவே இல்ல. எல்லாம் செய்தி வாசிக்கிற மாதிரி பேசுது."

"நன்றி மேடம்," என்றார் அண்ணாச்சி.

"நன்றியா? ‘இல்ல இல்ல’ எங்க? ‘ம்’ எங்க? ‘இருங்க மிஸ், தப்பாச் சொல்லிட்டேன்’னு எண் அஞ்சு சொல்லுவாளே, அது எங்க?"

"எங்க கடையில பிழையோட ஒரு தாள் வெளிய போகாது மேடம்."

"அந்தப் பிழைதான் அண்ணாச்சி என் ஆராய்ச்சி! ஒரு பிள்ளை ‘இல்ல இல்ல’ன்னா, தான் யோசிச்சதைத் தானே திரும்பிப் பாக்குதுன்னு அர்த்தம். அதுக்குத்தான் நான் மார்க் போடணும். அதைத்தான் இவ துடைச்சு எடுத்துருக்கா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முதல் விதியில் சொன்னபடியே என்று இருந்தது உண்மைதான். ஆனால் சொன்னபடியே என்றால் சொல்லிச் சறுக்கினதையும் சேர்த்து என்று எனக்குத் தோன்றவில்லை. சறுக்கினதை எடுத்தால் அவள் சொல்ல வந்தது வரும், அது அந்தப் பிள்ளைக்கும் நல்லதுதானே என்று நினைத்தேன். இதைச் சொல்லியிருக்கலாம். காலடியில் கிடந்த ஸ்டாப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழனுக்குள் முப்பத்திரண்டையும் மறுபடி அடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் மேடம் தலைமை ஆசிரியைக்குப் பட்டியல் கொடுக்கிறார். பதிவு செய்ய அனுமதி கொடுத்தபோது அந்த அம்மா கேட்டுக்கொண்ட கைம்மாறு அது. திட்டமிடல், கண்காணித்தல், மதிப்பிடல் என்று மூன்று தலைப்பு. மூன்றிலும் பூஜ்யம் வாங்குகிற பிள்ளைகள் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பில் ‘டி’ பிரிவுக்குப் போவார்கள். அங்கே புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்துப் பாஸ் பண்ண வைப்பார்களாம்.

"இப்போதைக்குப் பதினாலாம் எண் மட்டும்தான் மூணுலயும் பூஜ்யம்," என்றார் மேடம். "மத்த பிள்ளைங்க தப்பாவாவது பேசிச்சு."

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். கடையை அரை ஷட்டரில் திறந்து வைத்து அடித்தேன். அண்ணாச்சி வீட்டிலிருந்து புளிக்குழம்பு வந்தது.

எண் ஐந்து பாவம். போன தடவை அவளுடைய ஏழு "இல்ல இல்ல"வை எடுத்திருக்கிறேன். இப்போது எல்லாவற்றையும் திரும்பப் போட்டால், இருபதிலிருந்து இருபத்தொன்றுக்கு அவள் எவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறாள் என்று தெரிகிறது. விடை இன்னும் தப்புதான். ஆனால் ஆள் தெரிகிறாள்.

ஜனவரி 27, செவ்வாய்

பதினான்கு.

மூன்று சொல் இல்லை, நான்கு. "இருபது" என்கிறாள். அப்புறம், வாய்க்குள்ளேயே, "இல்ல." அதைப் போன வாரம் நான்தான் எடுத்திருக்கிறேன். எடுத்த ஞாபகம்கூட இல்லை. விரல் தானாகவே எடுத்திருக்கிறது.

"இல்ல"வுக்குப் பிறகு அந்தப் பெஞ்சுச் சத்தம். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டேன். நாற்காலி இழுக்கிற சத்தம் இல்லை. விரலால் தட்டுகிற சத்தம். டொக். டொக். டொக். பிறகு கொஞ்சம் விட்டு டொக். இன்னும் கொஞ்சம் விட்டு டொக்.

சலிப்பில் தட்டுகிறாள் என்று நினைத்தேன். சலிப்பில் தட்டுகிறவர்கள் வேகமாக அல்லவா போவார்கள்.

எத்தனை என்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன். அண்ணாச்சி, "என்னட்டி ஒரே இடத்துல ஓட்டி ஓட்டிக் கேக்க, பாட்டா?" என்றார்.

இருபது.

இருபது என்றால் என்ன? இருபது என்றால் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். அஞ்சரைக்குக் கடை அடைத்தாயிற்று.

ஜனவரி 28, புதன்

தொட்டி வரிசையில் என் முறை வர நேரமாயிற்று. முன்னால் எட்டுக் குடம். ஒவ்வொரு குடம் நிறையும்போதும் என் விரல் என் குடத்தின் கழுத்தைத் தட்டுகிறது. இதை நான் எத்தனை வருஷமாகச் செய்கிறேன் என்று தெரியாது, இன்றுதான் பார்த்தேன். முதல் மூன்று குடத்துக்குச் சீக்கிரம் சீக்கிரமாகத் தட்டியது. எட்டாவதற்கு வரும்போது நடுவில் பக்கத்து வீட்டு ரெபேக்கா அக்கா தன் மாமியாரைப் பற்றி ஒரு முழுக் கதை சொல்லி முடித்துவிட்டாள்.

குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். அம்மா கேட்டால் திட்டுவாள்.

பதினான்கு அந்தப் பெஞ்சில் இருபது குடம் தண்ணீர் பிடித்திருக்கிறாள். ஒன்று ஒன்றாக, விரலால். தொட்டி இறங்க இறங்கத் தண்ணீர் மெதுவாகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளும் வரிசையில் கடைசியில் நிற்கிறவளாகத்தான் இருக்க வேண்டும். இருபதும் பிடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னாள், "தெரியாது மிஸ்" என்று. விடை தெரியாமல் சொல்லவில்லை. சரியாக எத்தனை நிமிஷம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதுதான் விடை. அதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இல்லை, அவள் அப்படித்தான் நினைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நானாக அவள் வாயில் திணிக்கிறேனோ? முன்னே அழித்தேன், இப்போது கூட்டுகிறேனோ?

கடைக்குப் போய் மறுபடி கேட்டேன். இந்த முறை கம்ப்யூட்டரில் ஓடுகிற நொடியைப் பார்த்து இடைவெளிகளைக் குறித்துக்கொண்டேன். இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று... கடைசி மூன்றும் ஆறு, ஏழு, ஏழு. ஒரு இடத்தில்கூடக் குறையவில்லை. நான் திணிக்கவில்லை.

பதினான்காம் தாளில் அடைப்புக்குறி போட்டு, "இங்கே இருபது முறை தட்டுகிறாள், இடைவெளி கூடிக்கொண்டே போகிறது" என்று அடித்து, முப்பத்திரண்டையும் மேடத்துக்கு மெயிலில் அனுப்பினேன். அடைப்புக்குறிக்குள் பேச எனக்குப் பயமில்லை.

ஜனவரி 29, வியாழன்

மேடம் போன் செய்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார்.

"பேச்சி, இந்தத் தடவை ரொம்ப நல்லா வந்துருக்கு. ஆனா பதினாலுல என்னமோ அடைப்புக்குறி போட்டுருக்க. அதை எடுத்துட்டேன் என்ன? அஞ்சாவது விதி, மற்ற ஓசைகள் வேண்டாம். கைடு பாத்தா என்னையக் கேப்பாரு."

நான் வாயைத் திறந்தேன். அண்ணாச்சி போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார். சொல்ல வேண்டியது எல்லாம் வரிசையாக இருந்தது. முதல் சொல் மட்டும் வரவில்லை.

"சரி, நாளைக்கு மத்தியானம் பட்டியலைக் கொடுத்துட்டு வந்து பாக்கேன்," என்று வைத்துவிட்டார்.

"சொல்ல வேண்டியதுதானட்டி," என்றார் அண்ணாச்சி. "தொண்டையில என்ன, முள்ளா?"

பத்தாம் வகுப்பில் எங்கள் கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார். யாருக்கும் விடை வரவில்லை. நான் விடையை மட்டும் நோட்டில் எழுதியிருந்தேன். டீச்சர் என்னை எழுப்பி, "எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். விரலில் வந்தது. அதை எப்படிச் சொல்வது? நின்றேன். மணி அடிக்கும் வரை நின்றேன். "பக்கத்துல பாத்து எழுதுனவளுக்கு எப்படித் தெரியும்" என்றார் டீச்சர். பக்கத்தில் இருந்தவள் விடையே எழுதவில்லை.

அடுத்த நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை. நான் போகவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

காலையில் அண்ணாச்சியிடம், கல்லூரிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக்கூட இல்லை. பென்டிரைவை எடுத்துக் காட்டினேன். "போ போ, இரங்கல் போஸ்டர் ஒண்ணுதான் இருக்கு, அவரு எங்கயும் ஓட மாட்டாரு" என்றார்.

ரோட்டைத் தாண்ட இரண்டு நிமிஷம். மேடம் இருக்கிற அறையின் வாசலில் நின்றது பதினைந்து நிமிஷம். உள்ளே மேடம் அந்தப் பட்டியலைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பேச்சி? பதினொண்ணரைக்கு நான் பஸ் பிடிக்கணும்."

அந்த முதல் சொல் இன்றும் வரவில்லை. பென்டிரைவை நீட்டினேன். மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கி லேப்டாப்பில் போட்டார். பதினான்கு என்று விரலால் காட்டினேன்.

பதிவு ஓடியது. "இருபது." "இல்ல."

முதல் தட்டு கேட்டதும் நானும் மேடத்தின் மேசையைத் தட்டினேன். அவளோடு கூடவே. டொக், டொக், டொக். மேடம், "இது என்னம்மா?" என்று ஆரம்பித்தார். பதிவில் இருக்கிற மேடமும் அதே நேரத்தில், "வாயைத் திறந்தாத்தானே தெரியும்" என்றார். மேடம் தன் குரலைக் கேட்டுக் கொஞ்சம் முகம் சுளித்தார்.

நான் நிறுத்தவில்லை. பத்து. பதினொன்று. இடைவெளி கூடக் கூடக் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது. அடுத்த தட்டு எப்போது வரும் என்று எனக்கு மனப்பாடம், ஆனாலும் கை முந்தப் பார்க்கிறது. பதினைந்தில் மேடத்தின் பேனா மேசையில் இருந்தது. பதினேழில் அவர் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவில் ஏழு நொடி. அறையில் விசிறிச் சத்தம்தான்.

டொக்.

"தெரியாது மிஸ்."

"சரி, போ. அடுத்த பிள்ளையை வரச் சொல்லு."

மேடம் லேப்டாப்பை மூடவில்லை. விடைக்குறிப்புத் தாளை எடுத்து, தானே எழுதியதை வாசித்தார். "இருபது நிமிடத்துக்கு மேல். துல்லியமாகக் கூற இயலாது." பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்சே?"

அதே கேள்வி. கணக்கு டீச்சர் கேட்டது. மேடம் பஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"முதல்ல," என்றேன், "முதல்ல நான் தப்பாத்தான் நினைச்சேன் மேடம்."

அப்புறம் வந்தது. சலிப்பு என்று நினைத்தது, இருபதை எண்ணினது, ரெபேக்கா அக்காவின் மாமியார், நொடி பார்த்தது எல்லாம். நடுவில் இரண்டு இடத்தில் திரும்பிப் போய்ச் சரி செய்ய வேண்டியிருந்தது. மேடம் போனை எடுத்து மேசையில் வைத்ததைப் பார்த்தேன். நிறுத்தவில்லை.

"தட்டினதுக்கு மார்க் போட இந்தத் தாள்ல இடமே இல்லியே பேச்சி," என்றார் கடைசியில். எரிச்சலாகத்தான் சொன்னார், ஆனால் என் மேல் இல்லை. பட்டியலில் பதினான்குக்கு நேரே இருந்த மூன்று பூஜ்யத்தையும் அடித்துவிட்டு, "மறுபடி கேட்க வேண்டும்" என்று எழுதினார். ‘டி’ பிரிவு என்கிற கட்டம் காலியாகிவிட்டது. "எச்.எம். கிட்ட நான் திட்டு வாங்குதேன். போ."

ஜனவரி 31, சனி

மேடம் புதன்கிழமை மறுபடி பதினான்கைப் பார்க்கப் போகிறார். இந்தத் தடவை தாளும் பேனாவும் கொடுப்பாராம். பெஞ்சையும் விட்டு வையுங்கள் என்றேன்.

அவள் பெயரைக் கேட்டேன். சொல்லக் கூடாதாம், விதி. இதற்கும் ஒரு விதி.

பிப்ரவரி 2, திங்கள்

நான் வெள்ளிக்கிழமை பேசியது மேடத்தின் போன் பதிவில் பதினோரு நிமிஷம் இருக்கிறது. ஆய்வின் பின்னிணைப்பில் சேர்க்கப் போகிறாராம். அடிக்க வேண்டியதும் நான்தான். என் குரல் இவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. "ம்" மட்டும் நாற்பது. எண் ஒன்பதைச் சும்மா திட்டினேன்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்ட நேரம், கடை வாசலில் ஜெராக்ஸுக்குக் கூட்டம். அண்ணாச்சி பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"யாருட்டி இது? ஒரு வரி ஒழுங்காச் சொல்லத் தெரியல. ரெண்டு சொல்லுக்கு ஒரு ‘இல்ல இல்ல’. நீ டீ குடி, நான் உக்காந்து எடுத்து விடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி, ஒண்ணையும் எடுக்காதீங்க!" என்றேன்.

ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.